18 கி.மீ., ஈஸி: தாம்பரம் பக்கத்து மவுன்டன் பைக் தடங்களைத் தரம் பிரித்த அனுபவம்

பின்னணி

தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையின் இரண்டு பக்கமும் வாரக் கடைசியில் மவுன்டன் பைக் ஓட்டும் ஒரு சின்னக் குழுவில் நடந்தது இது. கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் சைக்கிள் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துச் சேர்ந்த குழு. பதிவு கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை ராத்திரி யாராவது போடும் அறிவிப்பு, அவ்வளவுதான். கல்லூரிப் பையன்கள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு சைக்கிள் கடைக்காரர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா என்று கலவையான கூட்டம். நானும் அதில் ஒருவன். ஓர் ஓட்டத்தில் ஒருவர் விழுந்து எலும்பு முறிந்த விபத்துக்குப் பிறகு, தடங்களைத் தரம் பிரிக்க நடந்து அளந்தவர்களில் இருந்ததால் இதை எழுதுகிறேன். கிராமப் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஏனென்று பின்னால் புரியும்.

சென்னையில் ஏது மலை, மலைச் சைக்கிளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர்கள் யாருக்கும் இல்லை. மலை என்று பெரிதாக இல்லைதான். ஆனால் ஓட்ட மூன்று விதமான நிலம் இருக்கிறது. ஒன்று ஏரிக்கரை. செங்கல்பட்டுப் பக்கம் ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு கரை, கரைமேல் மாட்டு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை. இரண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) ஓரத்துச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும் மணல் வழி. மூன்று, கைவிட்ட கல்குவாரிகளும் அவற்றைச் சுற்றிய குன்றுகளும். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அதே சார்னோகைட் பாறைதான் இந்தப் பக்கமும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் என்பதால் அந்தப் பாறைக்கே அவர் பெயர் வந்தது. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: காய்ந்திருந்தால் டயரை நன்றாகப் பிடிக்கும், மேலே குவாரித் தூளும் ஈரமும் சேர்ந்துவிட்டால் பிடிக்கவே பிடிக்காது.

குழுவில் தரம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது தூரத்தையும் ஏற்றத்தையும் வைத்துப் போட்டது. ஓட்டத்தைப் பதிவு செய்கிற மொபைல் ஆப் எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று காட்டும். 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஈஸி, 40 வரை மீடியம், அதற்கு மேல் டஃப். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோடு பைக் ஓட்டிப் பழகியவர்கள் கொண்டுவந்த கணக்கு இது. தார்ச்சாலைக்கு ஓரளவு சரியாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

செப்டம்பர் கடைசி. முந்தின இரண்டு நாளும் சாயங்காலம் இடி மழை பெய்திருந்தது. ராத்திரி வந்த அறிவிப்பு இப்படி இருந்தது: “நாளைக்கு 5.45 வண்டலூர். 18 கி.மீ., ஈஸி. தண்ணி எடுத்துட்டு வாங்க.”

வங்கி அக்காவுக்கு நாற்பதுகளின் நடுவில் வயது. மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது அவருக்கு ஒரு விஷயமே இல்லை, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டுவார். மண் தடத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்கு அவருடைய சைக்கிள் கியர் கோளாறால் கடையில் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஓர் உறுப்பினர், தன்னிடம் இருந்த இரண்டாவது சைக்கிளைக் கொடுத்தார். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், நல்ல வண்டி. சீட் உயரத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏரிக்கரையும் கிராமச் சாலையும். பிறகு குவாரியின் மேல் விளிம்பு, அங்கிருந்து கீழே இறங்க ஒரு வழி. நீளம் அறுபது மீட்டர் இருக்கும். தொடக்கத்தில் ஜல்லி சிதறிய சரிவு, நடுவில் பாறைப் பலகை, பலகை முடிகிற இடத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலான படி, அதற்குக் கீழே மறுபடி ஜல்லி. பையன்கள் நான்கைந்து பேர் சர்ரென்று இறங்கிக் கீழே நின்றார்கள். அக்கா மேலே நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். “நடந்து வந்துடட்டுமா?” என்று அவர் கேட்டது பலருக்கு நினைவிருக்கிறது. கீழே இருந்து வந்த பதிலும் நினைவிருக்கிறது: “விடுங்கக்கா, ஒண்ணும் ஆகாது, பின் பிரேக்கை லேசா புடிச்சிட்டே வாங்க!”

புத்திமதியில் தப்பு இல்லை. அவரும் அப்படியே செய்தார். இங்கே விற்கும் சைக்கிள்களில் பொதுவாக வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். அமெரிக்காவில் வாங்கும் சைக்கிளில் இது தலைகீழ். பாறைப் பலகையின் நுனிக்கு வந்ததும் அக்கா இடது லீவரைப் பிடித்தார். முன் சக்கரம் நின்றுவிட்டது. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் இடது தோள் கீழே பட விழுந்தார்.

ஹெல்மெட் விரிசல் விட்டது, தலைக்கு ஒன்றுமில்லை. நினைவு தெளிவாக இருந்தது. “கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஏதோ நகருது” என்று அவரே சொன்னார். காரை எலும்பு முறிவு. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு அது. சைக்கிள் கடைக்கார அண்ணன் யாரையும் அந்தக் கையைத் தொடவிடவில்லை. ஒரு துண்டை முக்கோணமாக மடித்துத் தூளி மாதிரி கட்டிக் கையை மார்போடு சேர்த்து நிறுத்தினார்.

அடுத்த சிக்கல் 108. அழைப்பு உடனே எடுக்கப்பட்டது, இடத்தைச் சொல்வதற்குத்தான் பாடாய்ப் பட்டது. எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டால் குவாரி என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் குவாரி ஒன்றா இரண்டா. கடைசியில் இரண்டு பேர் ஊர்க் கோவில் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். அக்காவைத் தாங்கலாக நடத்தியே அங்கே கூட்டி வந்தார்கள். எலும்பு அதிகம் விலகாததால் அறுவை சிகிச்சை இல்லாமல் கைத்தூளியிலேயே குணமானது, ஆனாலும் கையைத் தூக்கிப் பழையபடி வேலை செய்யப் பல வாரங்கள் பிடித்தன.

காரணம் என்று பார்த்தது

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தீர்ப்பு. பிரேக் மாறியிருந்ததுதான் காரணம் என்று பாதிப் பேர். மழை என்று சிலர். அவருக்கு அனுபவம் போதாது என்று ஒருவர் எழுதிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அழித்தார்.

பிரேக் விஷயம் உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன் லீவரைப் பிடித்து வண்டியை உருட்டிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். ஆனால் கடைக்கார அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பிறகுதான் பேச்சே திசை மாறியது. “பிரேக் சரியா இருந்திருந்தா மட்டும் அந்த எறக்கத்துல அவங்களை எறக்கி இருக்கணுமா?” யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து எழுந்து நிற்கவும், இடுப்பைப் பின்னால் தள்ளிப் படியிறங்கவும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சீட்டு முழு உயரத்தில் இருந்தது. தார்ச்சாலைக்குச் சரி, படியிறங்கும்போது அது பின்னால் இருந்து ஆளைத் தள்ளிவிடும்.

அப்படியானால் அவர் ஏன் அங்கே இருந்தார்? அறிவிப்பில் ஈஸி என்று இருந்தது. ஈஸி என்று போட்டவர் பொய் சொல்லவில்லை. 18 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் நூறு மீட்டர் சொச்சம், எந்தக் கணக்கில் பார்த்தாலும் சுலபம்தான். அந்த அறுபது மீட்டர் இறக்கம் சராசரியில் கரைந்து காணாமல் போயிருந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கீழிருந்து வந்த அந்தக் கூச்சல். நடந்து வரட்டுமா என்று ஒருவர் கேட்ட பிறகு, ஓட்டியே வாங்க என்று ஐந்து பேர் சொல்வது உற்சாகப்படுத்துவது மாதிரிதான் இருக்கும். கேட்கிறவருக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. அக்கா பின்னாடி சொன்னார்: “எனக்கு நடக்கணும்னுதான் இருந்துச்சு. எல்லாரும் எனக்காகக் காத்திட்டு நிக்கிறீங்கன்னு தோணுச்சு.”

அளக்கப் போனபோது தெரிந்தது

புதிதாக ஒரு தரப்பட்டியலை நாமே கண்டுபிடிக்க வேண்டாம், உலகத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது. இம்பா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 1988இல் அமெரிக்காவில் தொடங்கியது. பனிச்சறுக்கு மைதானங்களில் இருக்கும் குறியீடுகளைத் தழுவி அவர்கள் போட்ட முறை இன்றைக்குப் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. சுலபத்திலிருந்து கஷ்டத்தை நோக்கி வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட், இரட்டைக் கறுப்பு டைமண்ட். ஒவ்வொன்றுக்கும் தடத்தின் அகலம், தரையின் தன்மை, சராசரிச் சாய்வு, அதிகபட்சச் சாய்வு, வழியில் வரும் தடைகள் என்று அளவு உண்டு. பச்சைக்கு அகலம் 36 அங்குலமோ மேலோ, சராசரிச் சாய்வு 5 சதவீதத்துக்குள், தவிர்க்க முடியாத தடை 2 அங்குல உயரத்துக்குள். நீலத்துக்கு 24 அங்குலம், 10 சதவீதம், 8 அங்குலம். கறுப்புக்கு 12 அங்குலம், 15 சதவீதம், 15 அங்குலம்.

ஒரு டேப், ஒரு தென்னங்குச்சி, சாய்வு காட்டும் மொபைல் ஆப், நோட்டுப் புத்தகம். அதிகாலையில் நடந்தே அளந்தோம். ஆசிரியர் எழுதுவார், மற்றவர்கள் குனிந்து அளப்பார்கள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னவென்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

குவாரி இறக்கத்தில் சந்தேகமே வரவில்லை. நான்கடிக்கு ஓரடி இறங்குகிறது, படி ஒரு அடிக்கு மேல். கறுப்பு. ஆனால் நடந்து போனதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது: விளிம்பிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் குவாரிக்கு லாரி இறங்கிய பழைய மண் ரோடு வளைந்து வளைந்து கீழே வருகிறது. புதர் மண்டியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மழைநீர் அரித்த பள்ளங்கள் உண்டு என்றாலும் நீலத்துக்குள் அடங்கும்.

குழப்பம் வந்தது மற்ற இரண்டிலும்தான். சவுக்குத் தோப்பு வழி முழுக்கச் சமதளம். சாய்வு பூஜ்ஜியம், அகலம் தாராளம், தடை என்று பார்த்தால் சவுக்கு வேர் மட்டும். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளை வட்டமே போட்டுவிடலாம். ஆனால் குழுவில் புதிதாக வந்தவர்கள் அதிகமாக விழுந்த இடம் அதுதான். காய்ந்த மணலில் முன் சக்கரம் புதைந்து ஒரு பக்கமாக வெட்டிக்கொள்ளும், புதியவர் பயந்து பிரேக் பிடிப்பார், அதோடு சரி. பழகியவர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, சின்ன கியரில் நிற்காமல் மிதித்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விட்டுப் பிடித்துத் தாண்டிவிடுவார். அதே வழி ஐப்பசி மழைக்குப் பிறகு இறுகிப்போய் தார்ச்சாலை மாதிரி ஓடும், குழந்தைகூட ஓட்டலாம்.

ஏரிக்கரை இதற்கு நேர்மாறு. கோடையில் இறுகிய மண், அகலம், பச்சை என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மழை பெய்தால் களிமண் டயரில் அப்பி, சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. மதகுக்கு மேலே கரை குறுகும் இடத்தில் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பத்தடிப் பள்ளம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் வெட்டிப் போட்டிருந்தால் பஞ்சர் நிச்சயம், அந்த முள் டயரைத் துளைத்து டியூபின் மறுபக்கம் வரை போய்விடும்.

ஆக, மலை நாட்டில் எழுதிய அளவுகோலில் சாய்வு முதுகெலும்பாக இருக்கிறது. அதை அப்படியே இங்கே வைத்தால் சென்னையைச் சுற்றி எல்லாமே பச்சைதான். இங்கே ஆளைத் தள்ளுவது தரை. அந்தத் தரையும் ஆடியில் ஒன்று, கார்த்திகையில் இன்னொன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வெள்ளையையும் இரட்டைக் கறுப்பையும் விட்டுவிட்டுப் பச்சை, நீலம், கறுப்பு என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்தந்த வட்டாரத்தின் தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் போடச் சொல்லி இம்பாவே சொல்கிறது, அதனால் இந்தச் சுருக்கத்தில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

முதல் விதி, சராசரி பார்க்கக் கூடாது. சுற்றிப் போக வழியில்லாத மிகக் கஷ்டமான இடம் எதுவோ, முழுத் தடத்துக்கும் அதன் தரம்தான். 18 கிலோமீட்டரில் அறுபது மீட்டர் கறுப்பு இருந்தால் தடமே கறுப்பு. லாரி ரோடு வழியாக இறங்கினால் அதே ஓட்டம் நீலம். பழைய ஆட்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, “அறுபது மீட்டருக்காக மொத்தத்தையும் பயமுறுத்தறீங்க” என்றார்கள். விழுகிறவர் சராசரியில் விழுவதில்லை என்று ஆசிரியர் சொன்னதும் பேச்சு நின்றது.

இரண்டாவது, தரத்தோடு மாதத்தையும் எழுதுவது. சவுக்குத் தோப்பு தை முதல் மழை தொடங்கும் வரை நீலம், மழைக்குப் பிறகு பச்சை. ஏரிக்கரை கோடையில் பச்சை, பெருமழைக்குப் பிறகு சில நாட்கள் யாருக்குமே கிடையாது. இதற்கு ஓட்டுகிறவரின் பத்திரம் மட்டும் காரணமில்லை. ஈரக் கரையில் டயர் தடம் பதிந்தால் அடுத்த மழையில் தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். கரை உடைந்தால் கஷ்டப்படப் போவது நாங்கள் இல்லை.

மூன்றாவதில்தான் நிறைய வாக்குவாதம் நடந்தது, வெயில். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் சென்னை 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், 2003 மே மாதத்தில் 45 வரை போயிருக்கிறது. பச்சைத் தடமாக இருந்தாலும் ஒன்பது மணிக்கு மேல் நிழலில்லாத கரையில் ஒருவர் மயங்கி விழலாம், அதைத் தரத்தில் சேர்க்க வேண்டாமா என்று ஒரு தரப்பு. இம்பா முறை தடத்தின் நுட்பச் சிரமத்தை மட்டும்தான் தரம் பிரிக்கிறது, உடல் களைப்பைச் சேர்ப்பதில்லை. அதுவே சரி என்று இன்னொரு தரப்பு. நானும் அந்தப் பக்கம்தான். வெயிலையும் தூரத்தையும் நிறத்துக்குள் கலந்தால் மறுபடியும் பழைய கதைதான், எதற்காக நீலம் போட்டார்கள் என்றே புரியாது. எனவே நிறம் தடத்துக்கு மட்டும். தூரம் தனியாக, கிளம்பும் நேரம் தனியாக. பங்குனி முதல் ஆவணி வரை எட்டரைக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது நிறம் எதுவானாலும் பொது விதி.

நான்காவது, ஆளைத் தரம் பிரிப்பது. எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பதை நிறுத்தினோம். அக்காவிடம் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியில் அவர் முதல் வகுப்பில் தேறியிருப்பார். அதற்குப் பதிலாக ஒரு காலி மைதானத்தில் நான்கு வேலைகள். நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் ஒரு கோட்டின் மேல் ஓட்டுவது. பெடலை மட்டமாக வைத்து எழுந்து நின்றபடி போவது. சொன்ன இடத்தில் சக்கரம் இழுக்காமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது. நடைபாதை விளிம்பு உயரத்திலிருந்து இறங்குவது. நான்கும் வந்தால் நீலம். கறுப்புக்குப் போக வேண்டுமானால் முதலில் அந்த இடத்தை நடந்து இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாவது சின்ன விஷயம், ஆனால் என் பார்வையில் இதுதான் அதிகம் வேலை செய்தது. கறுப்பு இடம் வந்தால் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். பிறகு, ஓட்டப் போகிறவர்கள்தான் கையைத் தூக்க வேண்டும். நடக்கிறவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

பிரேக் சோதனைக்கும் விதி வந்தது: யார் வண்டியானாலும், தன் சொந்த வண்டியே ஆனாலும், கிளம்பும் முன் இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும்.

தரம் எதுவானாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டவையும் உண்டு. நன்மங்கலம் காப்புக்காட்டில் முன்பு சிலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள பழைய குவாரிப் பாறை இடுக்குகள் கொம்பன் ஆந்தைகள் கூடு வைக்கும் இடம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம் என்பது வேறு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, காட்டுக்குள் போவதற்கான விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், ஆனால் அது நடப்பவர்களுக்கு. அதைக் காட்டிச் சைக்கிளோடு உள்ளே போகலாம் என்று வாதாடிய ஒருவரை மற்றவர்கள் சமாளிக்க வேண்டியிருந்தது.

பெயின்ட் விவகாரம்

தரம் போட்டாயிற்று, அதைத் தடத்தில் எப்படிக் காட்டுவது? ஆர்வக்கோளாறில் இரண்டு பையன்கள் பெயின்ட் டப்பாக்களோடு போய், குவாரி விளிம்பில் கறுப்பு டைமண்டும், லாரி ரோடு பிரியும் இடத்தில் நீலச் சதுரமும், ஏரிக்கரைக் கல்லில் பச்சை வட்டமும் வரைந்துவிட்டு வந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வழியை மறித்தார். கோபமாக இல்லை, பதற்றமாக இருந்தார். “என்ன தம்பி, சர்வே கல்லா? நெலத்தை அளந்துட்டீங்களா?” பின்னாலேயே இன்னும் நான்கைந்து பேர் வந்தார்கள். டேப் வைத்துக்கொண்டு அளந்ததை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், இப்போது கல்லில் பெயின்ட். தாம்பரத்துக்குத் தெற்கே இருபது வருஷமாகக் கல்லில் பெயின்ட் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மனை போடப் போகிறார்கள். மேய்ச்சல் புறம்போக்கு போய்விடுமோ என்று ஊரே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ஆசிரியர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். “சைக்கிள் ஓட்டுறதுக்கா ஐயா இதெல்லாம்?” என்று ஓர் அம்மா கேட்டது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே தின்னர் வாங்கிவந்து எல்லாவற்றையும் அழித்தோம். பிறகு துணி ரிப்பன் கட்டலாம் என்றதற்கு, ஆடு தின்றுவிடும், வயிற்றில் சிக்கும் என்று பெரியவரே தடுத்துவிட்டார். கடைசியில் தடத்தில் நிரந்தரமாக எதையும் வைப்பதில்லை என்று முடிவானது. நிறமெல்லாம் மொபைல் வரைபடத்தில். ஓட்டம் நடக்கும் நாளில் மட்டும் முன்னால் போகிறவர், பிரியும் இடங்களில் விளையாட்டு மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புப் பொடியால் குறி போடுவார், ஒரு மழையில் போய்விடும். ஊர்ப் பெயர்களை நான் எழுதாததற்கும் இதுதான் காரணம்.

பிறகு நடந்தது

முதல் இரண்டு மாதம் கூட்டம் குறைந்தது. வேகமாக ஓட்டும் பையன்களில் சிலருக்கு மைதானச் சோதனை அவமானமாகப் பட்டது, தனியாகப் பிரிந்து போனார்கள். அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் பச்சை ஓட்டங்களுக்கு முன்பு வராதவர்கள் வரத் தொடங்கினார்கள், குறிப்பாகப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளோடு வரும் அப்பாக்களும். என்ன இருக்கும் என்று தெரிந்து வருவதால் வருகிறோம் என்று ஒருவர் சொன்னார்.

கறுப்பு இடத்தில் கை தூக்கும் விதி வந்த பிறகு, முன்பு சர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தவர்களிலேயே இரண்டு பேர் நடந்து இறங்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அந்தப் படி எப்போதும் பயமாகவே இருந்திருக்கிறது.

விழுவது நின்றுவிடவில்லை. மாசி மாதத்தில் சவுக்குத் தோப்பில் ஒரு பையன் விழுந்து முழங்கை சிராய்த்தது. வரைபடத்தில் அது இன்னும் பச்சையாகவே இருந்தது. மழை முடிந்து மணல் காய்ந்ததை யாரும் போய்ப் பார்த்து மாற்றவில்லை. மாதத்தை எழுதி வைப்பது வேறு, அந்த மாதத்தில் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது வேறு. ஒரு வருஷம் மழை முன்னாலேயே நின்றுவிட்டால் காகிதத்தில் இருக்கும் மாதம் எதற்கும் உதவாது.

அக்கா அடுத்த கோடைக்கு முன்பே திரும்பி வந்தார், மைதானத்து நான்கு வேலைகளையும் சோதனைக்காக இல்லாமல் பழகுவதற்காகவே பல காலைகள் செய்தார். இப்போது நீலம் ஓட்டுகிறார். குவாரிப் படியை நடந்துதான் இறங்குகிறார், ஓட்டும் உத்தேசமில்லை என்று சொல்லிவிட்டார். கிளம்புமுன் எல்லோர் லீவரையும் பிடித்து உருட்டிப் பார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார், யார் மறந்தாலும் அவர் விடுவதில்லை.

லாரி ரோட்டு வழி, அதாவது எங்களுக்கு இருந்த நல்ல நீலத் தடம், பாதியில் நின்றுவிட்டது. ஒரு நாள் போனபோது குறுக்கே காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், மனைப் பிரிவு விளம்பரப் பலகை. பெரியவர் பயந்தது நடந்தேவிட்டது, நாங்கள் அடித்த பெயின்ட்டால் இல்லை என்றாலும். அந்தப் பக்கம் இப்போது கறுப்பு மட்டும்தான் பாக்கி. புதியவர்களை அங்கே கூட்டிப்போவதே இல்லை.

இனி மாற்ற வேண்டியவை

தரம் போட்ட தேதியை நிறத்தின் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பழசான தரத்தை இல்லாததாகவே கொள்ள வேண்டும், முந்தின நாள் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து போட வேண்டும். இதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வரும் இருபது பேரில் சனிக்கிழமை நடந்து பார்க்க வருகிறவர் ஒருவர்கூடத் தேறுவதில்லை, இப்போதைக்குக் கடைக்கார அண்ணனும் ஆசிரியரும் மாறி மாறிப் போகிறார்கள். முறை வைத்துப் பிரிக்காவிட்டால் இருவரும் சலித்து விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு தடத்துக்கும் ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய இரண்டு மூன்று இடங்களை முன்கூட்டியே குறித்து, கோவில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று 108இல் சொல்லக்கூடிய பெயரோடு எல்லோர் மொபைலிலும் வைத்திருக்க வேண்டும். பாதித் தடங்களுக்குச் செய்தாயிற்று, மீதி நிற்கிறது. முதலுதவி கற்றவர் கடைக்கார அண்ணன் ஒருவர்தான். அவர் வராத ஞாயிறுகளில் நீலத்துக்கு மேல் போவதில்லை என்று தற்காலிகமாக வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு மூன்று பேராவது கற்றுக்கொள்ள வேண்டும், பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அளக்கப் போவதற்கு முன்பே ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், டேப்பைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால். புதிதாக மேற்கே ஓர் ஏரிக்கரையைப் பார்த்து வைத்திருக்கிறோம்; பஞ்சாயத்துத் தலைவரைப் போன வாரம் பார்த்துப் பேசியாயிற்று. மழைக்கு முன்னால் ஓட்டிக்கொள்ளுங்கள், கரை நனைந்தால் வரக் கூடாது என்று அவரே நிபந்தனை போட்டார்.